மேசைமேல் உள்ளது மட்டும்

தேநீரில் ஊறவைத்துக் காயவைத்து
மெழுகுத்திரியில் ஓரம் கருக்கிய கடிதங்கள் ஏழு.
புகைமணி அலறியதில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தார்.
"கலங்கரை விளக்குக் காவலரின் கடைசிக் கடிதம்" என்றேன்.
தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.
தார்த்துவில், பிப்ரவரியில்,
அதற்குமேல் யாரும் யாரையும் கேட்பதில்லை.

சந்தையில் வாங்கிய நான்கு எண் பூட்டு.
மிட்டாயிலிருந்து உரித்த சிவப்புக் கண்ணாடித்தாள்.
பாதி எண்கள் ஓர் உறையில், பாதி இன்னொன்றில்.
முதல் உறைமேல் தானெல் என்று எழுதினேன்.
அடுத்ததன்மேல் உர்மாஸ்.

மூன்று வாரமாக நான் செய்தது புதிரல்ல,
பொறி என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.
நான்கு வருடமாக
ஒருவர் வரும் நாளில் மற்றவருக்குக் காய்ச்சல்.
படகு விஷயம். இருவர் பணத்தில் வாங்கி
ஒருவர் விற்ற படகு.
யார் பக்கம் நியாயம் என்று கேட்காதீர்கள்,
இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியே அழுதிருக்கிறார்கள்.

விதிகளைப் படித்தேன்:
மேசைமேல் உள்ளது மட்டும் விளையாட்டு.
இழுப்பறைகளைத் திறக்க வேண்டாம்.
பூனைக்கு எதுவும் தெரியாது.
மூன்று குறிப்பு கேட்கலாம். அறுபது நிமிடம்.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகினேன்.

விடை தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு
கம்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது
எவ்வளவு பெரிய விரதம்!
ஹெட்விக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறாள்.
பூட்டின் முதுகில் 'சீனாவில் செய்தது' என்றிருப்பதை
மறைமொழி என்று நம்பி
எழுத்தெழுத்தாய் எண்ணுகிறான் பிரெட்.
கடவுளுக்கும் இப்படித்தான் கை அரிக்குமோ.

என் பொறி பத்தாவது நிமிடத்திலேயே பிசகியது.
தானெல் தன் எண்களை ஹெட்விக்கிடம் சொன்னான்.
ஹெட்விக் உர்மாஸிடம் சொன்னாள்.
உர்மாஸ் ஹெட்விக்கிடம் பதில் சொன்னான்.
இருவருக்கும் நடுவே ஒரு முழம் மேசை.

நாற்பதாவது நிமிடம்
பிரெட் வரைபடத்தைத் தூக்கினான்.
அடியில், மெருகு போடாத பிர்ச் பலகையில்,
ஊதாச் சிவப்பாய் ஒரு கறை.

"ஏரி!"
"பெய்ப்சிதான். பார், தெற்கே குறுகுகிறது."
ஹெட்விக் அளவுகோல் எடுத்தாள்.
நீளம் பதினேழு. அகலம் ஆறு.
பூட்டு அசையவில்லை.
சிவப்புத் தாளை மேலே வைத்தால் கறை மங்கியது.
"மறைகிறதே! அப்படியென்றால் துப்பேதான்!"
என்னைப் பார்த்தார்கள்.
நான் ரொட்டியைப் பார்த்தேன்.
மூன்று குறிப்பட்டையிலும்
கறையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

உர்மாஸ்தான் குனிந்து, விரல் நுனியால்
கரையோரமாகவே தடவிக்கொண்டு போனான்.
"இது துப்பு இல்லை," என்றான்.
"இது நான்."
அன்றைக்கு அவன் ஓங்கி வைத்த கோப்பை.
அவனே ஊறப்போட்ட பழ ஒயின்.

கடிகாரம் மட்டும் முட்டைக்கான நிதானத்தோடு.

"படகுத்துறை இங்கே வரும்,"
என்றான் தானெல். உர்மாஸிடம்.
ஹெட்விக் வழியாக அல்ல.
கறையின் மேற்கு விளிம்பில் விரல் இருந்தது.
"இல்லை, இன்னும் வடக்கே."
"அங்கே நாணல்."
"நாணலுக்கு முன்னாடி."
பென்சிலை எடுத்து
என் மேசையிலேயே ஒரு புள்ளி வைத்தான் உர்மாஸ்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

மணி அடித்தது. தோற்றார்கள்.
காவலர் இன்னும் ஆறாவது உறைக்குள்
காணாமல் போனவராகவே இருக்கிறார்.

சமாதானமானார்கள் என்று சொல்லமாட்டேன்.
ஒரே டாக்ஸியில் போகவில்லை.
"முன்னாடியே சொல்லியிருக்கணும்,"
என்றான் தானெல், குனிந்து, தன் காலணி நாடாவிடம்.
உர்மாஸ் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்,
வீடு முழுக்கக் குளிர் ஏறும்வரை.

காலையில் பெட்டியை நானே திறக்க வேண்டியிருந்தது.
எண் மறந்துவிட்டது.
என் கடிதங்களையே வரிவரியாய்ப் படித்து,
இரு கையிலும் இரண்டு உறையைச் சேர்த்துப் பிடித்து,
சிவப்புத் தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு,
இருபத்து மூன்று நிமிடம்.

உள்ளே ஐந்து மார்சிபன் பன்றிகள்.
கறைமேல் அவற்றை வரிசையாய் நிறுத்தினேன்.
ஒன்று நாணலுக்கு முன்னாடி.
அதைத்தான் முதலில் தின்றேன்.